அளவோடு ஏற்றியும் அச்சு முறிவது ஏன்?

அடுத்த முறை தேக்கா சந்தைப் பக்கம் போகும்போது, காய்கறி இறக்கிக்கொண்டிருக்கும் ஒரு லாரியின் பக்கவாட்டைக் கவனியுங்கள். அங்கே இரண்டு எடைகள் எழுதப்பட்டிருக்கும். ஒன்று, சரக்கு இல்லாத வெற்று வண்டியின் எடை. மற்றொன்று, சரக்கோடு சேர்த்து அந்த வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச எடை. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால், அந்த லாரியில் எவ்வளவு ஏற்றலாம் என்பது தெரிந்துவிடும்.

இந்தக் கருத்து நமக்குப் புதிதல்ல. மென்மையான மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறிந்துவிடும் என்று சொல்லும் 475ஆம் திருக்குறளை நீங்கள் படித்திருக்கலாம். தாங்கும் எல்லையைத் தாண்டினால் எந்தப் பொருளும் உடையும்.

ஆனால் ஒரு கேள்வி. பல ஆண்டுகள் ஓடிய ஒரு கொள்கலன் லாரி, ஒருநாள்கூட அளவுக்கு மீறிய சுமையை ஏற்றியதில்லை என்று வைத்துக்கொள்வோம். அதன் பாகம் ஒன்று ஒருநாள் திடீரென்று முறிகிறது. அது எப்படி?

1842இல் ஒரு ரயில் கற்பித்த பாடம்

1842 மே 8ஆம் தேதி, பிரான்சில் வெர்சாயிலிருந்து பாரிஸ் நோக்கிச் சென்ற ரயிலின் எஞ்சின் அச்சு முறிந்தது. பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று மோதித் தீப்பிடித்ததில் 50க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பல மாதங்கள் நன்றாக உழைத்த அச்சு ஏன் முறிய வேண்டும் என்று பொறியாளர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டனர்.

விடையை முறையான சோதனைகளால் காட்டியவர் ஜெர்மானிய ரயில்வே பொறியாளர் ஆகஸ்ட் வோலர். ஓர் அச்சை வளைத்தபடியே சுழற்றிக்கொண்டிருக்கும் இயந்திரங்களை அவர் அமைத்தார். ஒரே தடவையில் அச்சை முறிக்கத் தேவையான விசையைவிட மிகக் குறைந்த விசையே, திரும்பத் திரும்பச் செயல்பட்டால் அதை முறித்துவிடும் என்று கண்டார். விசை குறையக் குறைய, முறிவதற்குத் தேவையான சுற்றுகள் கூடுகின்றன. இதைத்தான் உலோகச் சோர்வு என்கிறோம்.

ஆக, ஓர் உலோகப் பாகத்தின் வயதைக் கணக்கிட ஆண்டுகள் மட்டும் போதாது. அது எத்தனை முறை வளைந்து நிமிர்ந்தது என்பதையும் எண்ண வேண்டும்.

செய்து பாருங்கள்

ஒரே பெட்டியிலிருந்து ஆறு காகிதக் கவ்விகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் நேராக்குங்கள். மூன்றை நடுவில் 90 பாகை வளைத்து நிமிர்த்துங்கள். முறியும் வரை எத்தனை முறை என்று எண்ணுங்கள். மற்ற மூன்றை 45 பாகை மட்டும் வளைத்து எண்ணுங்கள். இரு குழுக்களுக்கும் சராசரி கண்டு ஒப்பிடுங்கள். முறியும் முனை கூர்மையாக இருக்கும். கண்ணுக்கு அருகில் பிடிக்க வேண்டாம்.

குறைவாக வளைத்தவை அதிக முறை தாங்கியிருக்கும். ஆனால் அவையும் முறிந்துதான் போயின அல்லவா?

லாரியின் கணக்கு

இப்போது பாசிர் பாஞ்சாங்கிலும் துவாசிலும் கொள்கலன்களை இழுத்துச் செல்லும் பெரிய லாரிகளுக்கு வருவோம். முன்னால் இருப்பது பிரைம் மூவர் எனப்படும் இழுவை வண்டி. பின்னால் வருவது டிரெய்லர். சிங்கப்பூருக்கு முதல் கொள்கலன் கப்பல் வந்தது 1972 ஜூன் 23இல், தஞ்சோங் பகாருக்கு. அன்றுமுதல் இத்தகைய வண்டிகள் இந்நகரின் அன்றாடக் காட்சி ஆகிவிட்டன.

ஒரு சக்கரத்தின் விட்டம் 1 மீட்டர் என்று கொள்வோம். ஒரு சுற்றுக்கு அது 3.14 மீட்டர் நகரும். அப்படியானால் 1 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 320 சுற்றுகள். வண்டி நாளொன்றுக்கு 200 கிலோமீட்டர் வீதம் ஆண்டில் 300 நாள் ஓடினால், ஓராண்டில் 60,000 கிலோமீட்டர். அதாவது 19 மில்லியன் சுற்றுகள். பத்தாண்டுகளில் 190 மில்லியன்! ஒவ்வொரு சுற்றிலும் சக்கரத்தின் வட்டும் அதைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளும் ஒருமுறை இறுக்கத்தை உணர்ந்து தளர்கின்றன. சாலையின் ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் கமான் பட்டைகள் வளைந்து நிமிர்கின்றன.

விரிசல் கண்ட இடத்தில் தொடங்குவதில்லை. போல்ட் துளையின் ஓரம், கூரான மூலை, பற்றவைத்த இடம், துருவால் உண்டான சிறு குழி என்று விசை குவியும் இடத்தைத்தான் அது தேடிப் பிடிக்கும். முதலில் மயிரிழையாக இருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் கண்ணுக்குத் தெரியாத அளவு முன்னேறும். மிஞ்சிய உலோகம் சுமையைத் தாங்க முடியாத கட்டத்தில் சட்டென்று முறியும். பல ஆண்டுகள் நடந்த வேலையின் கடைசி நொடியைத்தான் நாம் விபத்து என்று பார்க்கிறோம்.

ஈரக்காற்று செய்யும் வேலை

சிங்கப்பூரின் ஈரப்பதமும் கடலோர உப்புக்காற்றும் துருவுக்கு நல்ல துணை. உப்பில் உள்ள குளோரைடு அயனிகள் இரும்பின் அரிப்பைத் துரிதப்படுத்துகின்றன. துரு, உலோகத்தை மெலியச் செய்வதோடு விரிசல் தொடங்கும் குழிகளையும் உண்டாக்குகிறது. சோர்வும் துருவும் கைகோத்தால், தனித்தனியே செய்வதைவிட விரைவாக அழிவு வரும்.

ஈரம் இன்னோர் இடத்திலும் தொல்லை தரும். கனரக லாரிகளின் பிரேக் அழுத்தப்பட்ட காற்றால் இயங்குகிறது. ஈரக்காற்றை அழுத்திப் பிறகு குளிரவிட்டால் நீராவி தண்ணீராகும். பழைய வண்டியில் காற்றை உலர்த்தும் வடிகட்டி செயலிழந்தால், இத்தண்ணீர் தொட்டியில் தேங்கி வால்வுகளைத் துருப்பிடிக்கச் செய்யும். அதனால்தான் காற்றுத்தொட்டியின் அடியில் உள்ள வால்வைத் திறந்து தண்ணீரை வெளியேற்றுவது கவனமுள்ள ஓட்டுநரின் வழக்கம்.

காற்று முழுவதும் கசிந்துவிட்டால் பிரேக் பிடிக்காதே என்று அஞ்சுகிறீர்களா? இங்கே பொறியாளர்கள் ஓர் அழகான ஏற்பாடு செய்திருக்கிறார்கள். பிரேக் அறைக்குள் வலிமையான சுருள்வில் ஒன்று இருக்கிறது. அதை அமுக்கி வைத்திருப்பதே காற்றழுத்தம்தான். காற்று போனால் வில் விரிந்து தானாகவே பிரேக்கைப் பிடித்துவிடும்.

40 டன் எடையுள்ள வண்டி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது நொடிக்கு 16.7 மீட்டர் வேகத்தில் செல்லும்போது, அதன் இயக்க ஆற்றல் ½ × 40,000 × 16.7², ஏறக்குறைய 5.6 மில்லியன் ஜூல். 30 பாகை செல்சியசில் உள்ள 19 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான ஆற்றல் இது. வண்டி நிற்கும்போது இதில் பெரும்பகுதி பிரேக்கில் வெப்பமாகிறது. சமிக்ஞை விளக்குக்கு விளக்கு சூடாகி ஆறும் பிரேக் டிரம்மிலும் காலப்போக்கில் விரிசல்கள் விழும். இதுவும் சோர்வுதான், இங்கே விசையைத் தருவது வெப்பம்.

பற்றவைத்தால் போதாதா?

லாரியின் சட்டகத்தில் விரிசல் கண்டால், “ஒரு பற்று வைத்துவிடலாமே” என்று தோன்றும். சிக்கலே அங்குதான். பற்றவைக்கும் வெப்பம் அருகிலுள்ள எஃகின் இயல்பை மாற்றிவிடுகிறது. பற்றின் ஓரமோ விசை குவியும் புதிய இடமாகிறது. அதனால் பழைய விரிசல் மறைந்து, அதன் பக்கத்திலேயே புதியது பிறக்கலாம்.

நல்ல பணிமனையில் முதலில் விரிசலின் முடிவு எங்கே என்று தேடுவார்கள். சிவப்புச் சாயத்தைப் பூசித் துடைத்துவிட்டு வெள்ளைப் பொடியைத் தெளித்தால், விரிசலுக்குள் தங்கிய சாயம் கசிந்து கோடாகத் தெரியும். கூரான அந்த முனையில் ஒரு சிறு துளையிடுவார்கள். முனை வட்டமானால் விசை ஓரிடத்தில் குவிவது குறையும். பிறகு தயாரிப்பாளரின் விதிப்படி பற்றவைத்து, மேடுகளைத் தேய்த்துச் சமப்படுத்துவார்கள். சட்டகம் வளையும்போது அதிக விசையைத் தாங்குபவை மேல், கீழ் விளிம்புகள். அங்கே துளையிடவோ பற்றவைக்கவோ கூடாது என்று தயாரிப்பாளர்கள் எச்சரிப்பதுண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கேள்விக்கு விடை காண வேண்டும்: விரிசல் ஏன் விழுந்தது? காரணத்தை விட்டுவிட்டுக் காயத்தை மட்டும் மூடினால் வண்டி மீண்டும் பணிமனைக்கே வரும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏன்?

சிங்கப்பூரில் சரக்கு வண்டிகள் முதல் பத்தாண்டுகள் வரை ஆண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு 20 ஆண்டு என்ற உச்ச வயதும் உண்டு. மேலே படித்ததை வைத்துப் பார்த்தால் இவ்விதியின் பொருள் விளங்கும். விரிசல் தொடக்கத்தில் மெதுவாகவும் பின்னர் வேகமாகவும் வளர்கிறது. எனவே வயது கூடக்கூடப் பார்க்கும் இடைவெளி சுருங்க வேண்டும். விரிசல் முறிவாக மாறுவதற்கு முன் ஒருமுறையேனும் அது யாருடைய கண்ணிலாவது பட வேண்டும்.

இது வண்டிக்காக மட்டும் போட்ட விதி அல்ல. பக்கத்துத் தடத்தில் பள்ளிப் பேருந்து போகிறது. சில லாரிகளின் பின்தளத்தில் வேலையிடத்துக்குச் செல்லும் தொழிலாளர்கள் அமர்ந்திருக்கிறார்கள். கமான் பட்டையில் உள்ள ஒரு விரிசலை இன்று பார்த்துவிடுவதா, நாளைக்குத் தள்ளுவதா என்பது அவர்கள் உயிரைப் பற்றிய முடிவு.

2022 செப்டம்பர் 1ஆம் தேதி அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட துவாஸ் துறைமுகத்தில், ஓட்டுநரில்லா மின்வாகனங்கள் கொள்கலன்களைச் சுமக்கின்றன. அவற்றில் டீசல் இல்லை. ஆனால் சக்கரம் உண்டு, எஃகு உண்டு, சுமை உண்டு. ஆகவே சோர்வும் உண்டு. அங்கும் சுற்றுகளை எண்ணி, விரிசலைத் தேடும் கண்கள் தேவைப்படும். நாளை அந்தக் கண்கள் உங்களுடையவையாக இருக்கலாம்.

சிந்தித்துப் பாருங்கள்

1. அதே 40 டன் வண்டி மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால், அதன் இயக்க ஆற்றல் முந்தையதில் எத்தனை பங்கு?

2. கூர்மூலைச் சன்னல்களைவிட வட்டமூலைச் சன்னல்கள் விமானத்துக்குப் பாதுகாப்பானவை. ஏன்?

விடைகள்: 1. ஒன்பதில் நான்கு பங்கு. 2. வட்டமூலையில் விசை ஓரிடத்தில் குவிவது குறைவதால் விரிசல் எளிதில் தொடங்காது.