பாரம் குறைந்தாலும் படகு சாயும்

கேரள மாநிலத்தில் வேம்பநாட்டுக் காயல் இருக்கிறது. காயலின் கரைகளில் நிறைய ஊர்கள் உள்ளன. அங்கே பலருக்குப் படகுதான் பஸ். பள்ளிக்கூடம் போகவும் படகு. சந்தைக்குப் போகவும் படகு.

டீசல் படகுகள் அங்கே அதிகம். டீசல் படகு புகை விடும். சத்தம் போடும். எண்ணெய் தண்ணீரில் கலக்கும். இதற்கு மாற்றாக மின்சாரப் படகுகள் வந்துள்ளன. 2017ஆம் ஆண்டு ஜனவரியில் 'ஆதித்யா' என்ற படகு ஓடத் தொடங்கியது. வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே ஓடியது. அது சூரிய ஒளியில் கிடைக்கும் மின்சாரத்தில் ஓடும். 75 பேர் உட்காரலாம். 2023ஆம் ஆண்டு ஏப்ரலில் கொச்சியில் 'வாட்டர் மெட்ரோ' படகுகள் ஓடத் தொடங்கின. அவையும் பேட்டரியில் ஓடுபவை.

மின்சாரப் படகுக்கு உயிர் பேட்டரி. அந்தப் பேட்டரியை மாற்றும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப் போகிறோம்.

ஈயமும் லித்தியமும்

பேட்டரியில் பல வகை உண்டு. லாரியிலும் டிராக்டரிலும் இருப்பது ஈய பேட்டரி. ஈயம் மிகவும் கனமான உலோகம். லித்தியம் மிகவும் லேசான உலோகம்.

12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி ஒன்று சுமார் 30 கிலோ இருக்கும். அதே அளவு லித்தியம் பேட்டரி சுமார் 13 கிலோதான் இருக்கும். எடை பாதிக்கும் குறைவு. ஈய பேட்டரியில் பாதி மின்சாரத்துக்கு மேல் எடுத்தால் அது சீக்கிரம் கெட்டுவிடும். லித்தியம் பேட்டரியில் பெரும்பகுதியை எடுக்கலாம். பல வருடம் உழைக்கும். விலைதான் அதிகம்.

பாரம் குறைந்தால் படகுக்கு நல்லதுதானே? இதில் என்ன கவலை?

ஒரு சிறிய படகு

காயலில் ஓடும் ஒரு சிறிய மின்சாரப் படகை நினைத்துக்கொள்வோம். நீளம் 6 மீட்டர். பயணிகள் 6 பேர் ஏறலாம். பின்பக்கப் பலகைக்கு அடியில் 4 ஈய பேட்டரிகள். பின்னால் மோட்டார். படகுக்காரர் லித்தியம் பேட்டரி வாங்கினார். பழைய பேட்டரி இருந்த அதே இடத்தில் புதியதை வைத்தார். படகை எடுத்தார்.

படகு முன்போல ஓடவில்லை. முன்பக்கம் தாழ்ந்தது. சின்ன அலை வந்தாலும் தண்ணீர் உள்ளே தெறித்தது. பின்பக்கம் தூக்கிக்கொண்டது. தண்ணீரைத் தள்ளும் விசிறியும் மேலே வந்தது. அலையில் படகு ஆடும்போது விசிறி காற்றில் சுற்றியது. மோட்டார் கத்தியது. படகு நகரவில்லை.

மெக்கானிக் வந்து பார்த்தார். படகுக்காரரின் மகளும் வந்தாள். அவள் பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். கேரளத்தில் அண்ணனைச் 'சேட்டன்' என்பார்கள். அப்பாவை 'அச்சன்' என்பார்கள்.

"சேட்டா, பேட்டரியில் கோளாறு இல்லை. மோட்டாரிலும் கோளாறு இல்லை" என்றார் மெக்கானிக்.

"பின்னே ஏன் இப்படி? பாரம் குறைந்துதானே இருக்கிறது?"

"குறைந்தது சரி. எந்த இடத்தில் குறைந்தது? பின்பக்கம் மட்டும்தானே?"

மகளுக்கு உடனே புரிந்தது. "அச்சா, மாட்டு வண்டி மாதிரிதான். பின்னால் இருக்கும் மூட்டையை இறக்கினால் முன்பாரம் ஆகிவிடும். மாட்டின் கழுத்து அழுந்தும்" என்றாள்.

அவள் சொன்னது சரி. வண்டியில் முன்பாரம், பின்பாரம் பார்த்துத்தான் சுமை ஏற்றுவோம். படகும் அப்படியே. எவ்வளவு பாரம் என்று பார்த்தால் போதாது. பாரம் எங்கே இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

எடையும் தூரமும்

குழந்தைகள் ஏறி விளையாடும் சீசாப் பலகையைப் பார்த்திருப்பீர்கள். 40 கிலோ பையன் நடுவிலிருந்து 1 மீட்டரில் உட்காருகிறான். 20 கிலோ குழந்தை மறுபக்கம் 2 மீட்டரில் உட்காருகிறது. பலகை சமமாக நிற்கும். ஏன்?

40 × 1 = 40
20 × 2 = 40

எடையைத் தூரத்தால் பெருக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால் பலகை சமமாக நிற்கும். தூரத்தில் இருக்கும் சிறிய எடைக்கும் பெரிய பலம் உண்டு.

இதே கணக்கைப் படகுக்கும் போடலாம். பேட்டரிகள் படகின் நடுவிலிருந்து 2 மீட்டர் பின்னால் இருக்கின்றன.

பழைய பேட்டரி: 4 × 30 = 120 கிலோ. 120 × 2 = 240
புதிய பேட்டரி: 4 × 13 = 52 கிலோ. 52 × 2 = 104
குறைந்த எடை: 120 - 52 = 68 கிலோ
குறைந்த பலம்: 240 - 104 = 136

பின்பக்கத்தை அழுத்திய பலத்தில் 136 போய்விட்டது. அதனால்தான் பின்பக்கம் தூக்கியது.

"பேட்டரியை இன்னும் பின்னால் தள்ளி வைத்தால் என்ன?" என்று படகுக்காரர் கேட்டார். மகள் கணக்குப் போட்டாள். 240ஐ 52ஆல் வகுத்தால் 4.6 வரும். அதாவது நடுவிலிருந்து 4.6 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். படகின் பின்முனையே 3 மீட்டரில் முடிந்துவிடுகிறது. அந்த வழி நடக்காது.

"பின்னால் 68 கிலோ மணல் மூட்டை வைத்தால்?"

"வைக்கலாம், சேட்டா. ஆனால் பாரத்தைக் குறைக்கத்தானே காசு கொடுத்தீர்கள்? முதலில் படகில் இருப்பதையே இடம் மாற்றிப் பார்ப்போம்" என்றார் மெக்கானிக்.

முன்பக்கம் கருவிப் பெட்டி இருந்தது. எடை 16 கிலோ. உபரி நங்கூரமும் சங்கிலியும் இருந்தன. எடை 18 கிலோ. மொத்தம் 34 கிலோ. இவை நடுவிலிருந்து 2 மீட்டர் முன்னால் இருந்தன. அவற்றை 2 மீட்டர் பின்னால் கொண்டுபோய் வைத்தார்கள். நகர்த்திய தூரம் 4 மீட்டர்.

34 × 4 = 136

போன பலம் திரும்பி வந்தது. புதிதாக ஒரு கிலோ கூட ஏற்றவில்லை.

அளந்து பார்ப்பது எப்படி?

கண்ணால் பார்த்து முடிவு செய்யக் கூடாது. டேப்பால் அளக்க வேண்டும். படகின் விளிம்பிலிருந்து தண்ணீர் வரை எவ்வளவு உயரம் என்று பார்க்க வேண்டும். முன்னால், பின்னால், வலது, இடது என்று நான்கு இடத்திலும் பார்க்க வேண்டும். தண்ணீர் அசையாத நேரத்தில் அளக்க வேண்டும். பழைய பேட்டரியைக் கழற்றும் முன்பே அளந்து எழுதி வைக்க வேண்டும்.

இந்தப் படகின் அளவு இப்படி இருக்கும்:

பழைய பேட்டரியோடு: முன்பக்கம் 44 சென்டிமீட்டர், பின்பக்கம் 36
புதிய பேட்டரியோடு: முன்பக்கம் 42, பின்பக்கம் 40
பொருளை மாற்றி வைத்த பிறகு: முன்பக்கம் 45, பின்பக்கம் 37

கடைசி வரியைப் பாருங்கள். இரண்டு பக்கமும் பழைய அளவைவிட 1 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் பழையபடியே 8 சென்டிமீட்டர்தான்.

வலது, இடது அளவும் முக்கியம். பேட்டரிகளை இரண்டு பக்கமும் சமமாகப் பிரித்து வைக்க வேண்டும். ஒரே பெட்டியாக இருந்தால் நடுவில் வைக்க வேண்டும். 'ஆதித்யா' படகுக்கு அடியில் இரண்டு தனித்தனி உடல்கள் உண்டு. பேட்டரியை இரண்டிலும் பிரித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

"இன்னும் ஒருவரை ஏற்றலாமா?"

படகுக்காரருக்கு ஒரு யோசனை வந்தது. "68 கிலோ மிச்சம்தானே? ஒரு ஆள் கூட ஏற்றலாமே. தினமும் கொஞ்சம் காசு கிடைக்குமே" என்றார்.

கேட்க நியாயமாகத் தோன்றும். ஆனால் இதுதான் ஆபத்தான யோசனை.

தலையாட்டி பொம்மையைத் தள்ளினால் விழுவதில்லை. அதன் அடிப்பாகம் கனமாக இருக்கிறது. படகுக்கும் அடியில் கனம் வேண்டும். பழைய ஈய பேட்டரி படகின் அடியில் இருந்தது. அது படகைப் பிடித்து நிறுத்தியது. ஒரு மனிதர் அடியில் இருப்பதில்லை. பலகை மேல் உட்காருகிறார். திடீரென்று எழுந்து நிற்கிறார். பக்கத்தில் சாய்கிறார். கீழே 68 கிலோவைக் குறைத்து, மேலே 68 கிலோவை ஏற்றினால் மொத்த எடை ஒன்றுதான். ஆனால் படகு முன்பைவிட எளிதாகச் சாயும்.

கூரை மேல் சூரியத் தகடு பொருத்தினாலும் இதே கதைதான். மேலே பாரம் கூடுகிறது. கேட்டு, சோதித்த பிறகே பொருத்த வேண்டும்.

2009ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் தேதி தேக்கடி ஏரியில் ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்தது. 45 பேர் இறந்தார்கள். அது இரண்டு தட்டுப் படகு. கரையில் நின்ற விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கமாகப் போனார்கள் என்று செய்திகள் வந்தன.

2023ஆம் ஆண்டு மே 7ஆம் தேதி மலப்புறம் மாவட்டம் தானூரில் ஒரு படகு கவிழ்ந்தது. 22 பேர் இறந்தார்கள். பலர் குழந்தைகள். அந்தப் படகில் அளவுக்கு மேல் ஆட்கள் ஏறியிருந்தார்கள். மீன்பிடிப் படகை மாற்றிப் பயணிகள் படகு ஆக்கியிருந்தார்கள்.

மகள் இதைச் சொன்னதும் படகுக்காரர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "6 பேர் என்றால் 6 பேர்தான்" என்றார்.

எத்தனை பேர் ஏறலாம் என்பதை உரிமத்தில் எழுதியிருப்பார்கள். பாரம் குறைந்தது என்று நாமே அந்த எண்ணைக் கூட்டக் கூடாது. உள்நாட்டு நீர்வழிப் படகுகளுக்கு 2021ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. பதிவு செய்த படகில் மாற்றம் செய்யும் முன் பதிவு அலுவலகத்தில் கேட்க வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

1. பேட்டரியைக் கட்டி வையுங்கள். புதிய பேட்டரி சிறியதாக இருந்தால் பழைய தட்டில் இடைவெளி இருக்கும். கட்டாவிட்டால் படகு சாயும்போது பேட்டரியும் அதே பக்கம் ஓடும். படகு இன்னும் சாயும்.

2. மணல் மூட்டை வைக்க வேண்டி வந்தால் அடியில் வையுங்கள். காய்ந்த மணலைத் தண்ணீர் புகாத பையில் போட்டுக் கட்டுங்கள். நனைந்த மணலின் எடை கூடும்.

3. படகின் அடியில் தேங்கும் தண்ணீரை உடனே இறைத்துவிடுங்கள். அந்தத் தண்ணீரும் தாழ்ந்த பக்கம் ஓடும்.

4. லித்தியம் பேட்டரிக்கு அதற்கென்று உள்ள சார்ஜரையே போடுங்கள். பேட்டரியைப் பிரிக்காதீர்கள். தண்ணீர் படாமல் பெட்டியில் வையுங்கள்.

5. பழைய ஈய பேட்டரியை உடைக்காதீர்கள். ஈயம் விஷம். வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

6. முதலில் கரையோரமாக ஓட்டிப் பாருங்கள். பயணிகள் இல்லாமல் ஓட்டுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் ஆட்களை ஏற்றுங்கள். எல்லோரும் உயிர்காப்புச் சட்டை அணிய வேண்டும்.

யோசித்துப் பாருங்கள்

1. ஈய பேட்டரி, லித்தியம் பேட்டரி, இவற்றில் எது கனமானது?
2. பின்பக்கம் பாரம் குறைந்தால் படகின் முன்பக்கம் என்ன ஆகும்?
3. ஒரு படகில் 25 கிலோ பெட்டி முன்னால் இருக்கிறது. அதை 4 மீட்டர் பின்னால் நகர்த்தினால் எவ்வளவு பலம் மாறும்? பெருக்கிப் பாருங்கள்.
4. அடியில் 60 கிலோவைக் குறைத்தோம். அதற்குப் பதில் 60 கிலோ ஆளை ஏற்றலாமா? ஏன்?
5. உங்கள் ஊரில் வண்டி, ஆட்டோ, டிராக்டர் ஆகியவற்றில் எப்படிச் சுமை ஏற்றுகிறார்கள்? முன்பாரம், பின்பாரம் பார்க்கிறார்களா? நாலு பேரோடு பேசிப் பாருங்கள்.

புதிய சொற்கள்

காயல் - கடலை ஒட்டிய நீர்ப்பரப்பு
நங்கூரம் - படகை நிறுத்தி வைக்கும் இரும்புக் கொக்கி
உபரி - தேவைக்கு மேல் இருப்பது
உரிமம் - லைசென்ஸ்
சூரியத் தகடு - வெயிலில் மின்சாரம் தரும் தகடு