பணப்பெட்டிக்குப் பூட்டு உண்டு, கணக்கு ஃபோல்டருக்கு?



குழுவின் பணப்பெட்டி ஒருவரிடமும் சாவி இன்னொருவரிடமும் இருக்கும். இது நமக்குப் பழகிய விஷயம். ஆனால் நம் சேமிப்பு, கடன் நிலுவை, ஆதார் நகல் எல்லாம் இன்று கூட்டமைப்பு அலுவலகக் கம்ப்யூட்டரில் இருக்கே, அதன் சாவி யாரிடம்?

நாங்கள் பார்த்த ஓர் அலுவலகத்தில் கணக்கு ஃபோல்டரை ஒரு கம்ப்யூட்டரில் வைத்து, மற்ற கம்ப்யூட்டர்களிலும் திறக்கும்படி பகிர்ந்திருந்தார்கள். பயிற்சிக்கு வந்த பெண் தெரியாமல் ஒரு குழுவின் தவணை வரிசையை அழித்துவிட்டார். கட்டிய பணம் நிலுவையாக நின்றது. ரசீதைப் பத்திரமாக வைத்திருந்ததால் உறுப்பினர்கள் தப்பித்தார்கள். அந்தப் பெண்ணைத் திட்டி என்ன பயன்? எல்லோருக்கும் திறந்து வைத்தது அலுவலகம்தானே!

என்ன செய்யணும்?

1. கம்ப்யூட்டரில் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர், தனி பாஸ்வேர்டு வேண்டும்.

2. விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஃபோல்டரைப் பகிரும்போது மூன்று அனுமதிகள் உண்டு. 'ரீட்' என்றால் பார்க்க மட்டும். 'சேஞ்ச்' என்றால் மாற்றலாம், அழிக்கலாம். 'ஃபுல் கன்ட்ரோல்' என்றால் அனுமதியையே மாற்றலாம். கணக்காளருக்கு 'சேஞ்ச்', பொறுப்பாளர்களுக்கு 'ரீட்' போதும். 'எவ்ரிஒன்' என்ற பெயர் பட்டியலில் இருந்தால் எடுத்துவிடணும்.

3. இதில் பூட்டு இரண்டு. 'ஷேரிங்' பகுதியில் ஒன்று, 'செக்யூரிட்டி' பகுதியில் ஒன்று. வேறு கம்ப்யூட்டரிலிருந்து வருபவருக்கு இரண்டில் எது கடுமையோ அதுதான் செல்லும். ஃபோல்டர் உள்ள கம்ப்யூட்டரிலேயே உட்காருபவரை 'ஷேரிங்' பூட்டு தடுக்காது. அதனால் இரண்டையும் போடணும்.

4. வேலையை விட்டுப் போனவரின் பெயரை அன்றே நிறுத்தணும்.

5. அனுமதி உள்ளவரும் கை தவறலாம். வாரம் ஒருமுறை நகல் எடுத்துத் தனியே பூட்டி வைக்கணும்.

சகோதரிகளே, இதையெல்லாம் செய்வது அலுவலக வேலை; செய்தார்களா என்று கேட்பது நம் வேலை. "எங்கள் கணக்கை யார் பார்க்கலாம்? யார் மாற்றலாம்?" என்று அடுத்த கூட்டத்தில் கேளுங்கள். பதிலைப் பெயரோடு தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கம்ப்யூட்டர் தெரியாதே என்று தயங்க வேண்டாம். உள்ளே இருப்பது நம் பணம், நம் பெயர்!