விண்மீன்களைப் படித்தால் பிழைப்பு நடக்குமா?

பொள்ளாச்சியிலிருந்து எழுதிய வாசகிக்கு,

பிளஸ் டூ படிக்கும் உங்கள் மகள் இன்ஜினீயரிங் வேண்டாம், இயற்பியல் படித்து விண்மீன்களை ஆராயப் போகிறேன் என்கிறாள். "அதுல என்னங்க வேலை இருக்கு?" என்று கேட்டிருக்கிறீர்கள். கோவையில் பிறந்த ஒருவரை வைத்தே பதில் சொல்கிறேன்.

பிரியம்வதா நடராஜன் பிறந்தது கோவை, வளர்ந்தது டெல்லி. பள்ளி மாணவியாக இருந்தபோதே நேரு கோளரங்க இயக்குநர் நிருபமா ராகவனிடம் போய், ஆராய்ச்சி செய்ய ஏதாவது கொடுங்கள் என்று கேட்டார். டெல்லி வானத்தின் வரைபடத்தைக் கணினியில் வரையும் நிரலை எழுதினார். பிறகு எம்.ஐ.டி.யில் படிப்பு, கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம். இன்று யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர்.

அவர் எடுத்துக்கொண்ட கேள்வி பெரியது. பெரும் விண்மீன் எரிபொருள் தீர்ந்து சூப்பர்நோவாவாக வெடித்தால், மிஞ்சும் கருந்துளை சில பத்து சூரியன்களின் எடை இருக்கும். ஆனால் பிரபஞ்சம் பிறந்து நூறு கோடி ஆண்டு ஆவதற்குள்ளேயே நூறு கோடி சூரியன் எடையுள்ள கருந்துளைகள் இருந்திருக்கின்றன. பெட்டிக்கடை முதலீட்டில் தொடங்கியவர் ஒரே வருஷத்தில் ஸ்பின்னிங் மில் முதலாளி ஆன கணக்கு இது. 2006இல் பிரியம்வதாவும் வானியற்பியலாளர் ஜுசெப்பே லொடாட்டோவும் ஒரு வழி சொன்னார்கள்: தொடக்ககால வாயுத்திரள் விண்மீனாகாமல் நேரடியாகச் சரிந்து, பல்லாயிரம் சூரியன் எடையோடு கருந்துளையாகப் பிறந்திருக்கலாம்.

அது உண்மையென்றால் வானத்தில் என்ன தெரிய வேண்டும் என்பதையும் 2017இல் பிரியம்வதா ஒரு குழுவோடு எழுதி வைத்தார். அப்போது ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி விண்ணுக்கே போகவில்லை. 2021 டிசம்பரில்தான் போனது. 2023 நவம்பரில் யூஹெச்இசட்1 என்ற விண்மீன் மண்டலம் பற்றிய அறிவிப்பு வந்தது. பிரபஞ்சத்துக்கு 47 கோடி வயதானபோது கிளம்பிய ஒளி அது. மண்டலத்தின் விண்மீன்கள் எல்லாம் சேர்ந்த எடைக்கு நிகரான கருந்துளை அதன் நடுவில் இருந்தது. நேரடிச் சரிவுக்கு இதுவரை கிடைத்த வலுவான சான்றுகளில் இது ஒன்று.

அந்தக் கருந்துளையைக் காட்டிக்கொடுத்த எக்ஸ்ரே தொலைநோக்கியின் பெயர் சந்திரா. 1930இல் இங்கிலாந்துக்குப் போன கப்பலில், எரிபொருள் தீர்ந்து சுருங்கிய வெண்குள்ள விண்மீனின் எடைக்கு எல்லை உண்டு என்று கணக்கிட்ட சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் அது. 1935இல் புகழ்பெற்ற வானியலாளர் எடிங்டன் அந்தக் கணக்கைப் பலர் முன்னிலையில் எள்ளினார். சந்திரசேகருக்கு நோபல் பரிசு வந்தது 1983இல்.

ஆகவே அம்மா, இந்த வேலை என்பது இதுதான்: கணக்குப் போடுவது, தன் கணக்கு தவறென்றால் எது காட்டிக்கொடுக்கும் என்பதை முன்கூட்டியே ஊரறியச் சொல்வது, விடை வரும் வரை அடுத்த கேள்வியில் உழைப்பது. பிழைப்பும் உண்டு. எம்.எஸ்சி. முடித்து ஜெஸ்ட் போன்ற தேர்வில் தேறினால், பெங்களூரு இந்திய வான் இயற்பியல் மையம் போன்ற இடங்களில் உதவித்தொகையோடு முனைவர் ஆய்வு செய்யலாம். நிரந்தர வேலை கிடைக்க முப்பது வயது தாண்டலாம். இடங்களும் குறைவு. இதை அவளிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

விடுமுறையில் ஊட்டி பக்கத்து முத்தோரைக்கு அழைத்துப் போங்கள். வானியலாளர் கோவிந்த் சுவரூப் குழுவினர் 1970இல் முடித்த 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கி அங்கே மலைச்சரிவில் நிற்கிறது. அதன் நீளவாக்கு அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைய வேண்டும் என்பதற்காகவே அந்தச் சரிவைத் தேடிப் பிடித்தார்கள். ஏன் அப்படி என்று அவளையே விளக்கச் சொல்லுங்கள். ஆர்வத்தோடு விளக்கினால், பி.எஸ்சி. இயற்பியலுக்கு விண்ணப்பம் வாங்கிக் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்