கிராஸ் கன்ட்ரிக்குக் கல்லூரி தேடுபவர்கள் ஐந்தாவது ஆளைப் பார்க்கட்டும்

அமெரிக்கச் சிறு கல்லூரிகளின் கிராஸ் கன்ட்ரி (திறந்தவெளி நெடுந்தூர ஓட்ட) அணிகளை ஒப்பிடும் மாணவர்கள் பெரும்பாலும் ஒவ்வோர் அணியின் வேகமான ஆளைப் பார்த்தே முடிவெடுக்கிறார்கள். ஐந்தாவதாக வருபவரைப் பார்ப்பதே மேல். ஓடுவது ஏழு பேர் என்றாலும், முதல் ஐவர் பிடித்த இடங்களைக் கூட்டி, தொகை குறைந்த அணிக்கே வெற்றி தருகிறார்கள். ஒரு கல்லூரி 1, 2, 3, 40, 50 ஆகிய இடங்களைப் பிடித்தால் கூட்டுத்தொகை 96. முதல் பத்துக்குள் ஒருவரும் வராத இன்னொரு கல்லூரி 12, 14, 16, 18, 20 என்று வந்தால் 80, கோப்பை அதற்குத்தான். முதல் ஐந்து இடங்களையும் ஒரே அணி பிடித்தால் 15 புள்ளி, அதற்குக் கீழே போக முடியாது. கொலராடோவின் ஆடம்ஸ் ஸ்டேட் கல்லூரி ஆண்கள், ஜோ விஜிலின் பயிற்சியில், கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்சிஏஏவின் 1992 டிவிஷன் இரண்டு (இரண்டாம் பிரிவு) தேசியப் போட்டியில் அந்த 15 புள்ளியை எடுத்துக் காட்டினார்கள்.

புள்ளிக் கணக்கைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. முதல் ஆள் பள்ளியிலேயே வேகமாக ஓடிக்கொண்டிருந்தவராக இருக்கலாம். அவரைச் சேர்த்தது பயிற்சியாளரின் ஆள்பிடிக்கும் திறமை. ஐந்தாவது, ஆறாவது ஆட்களோ பெரும்பாலும் அங்கேயே வளர்ந்தவர்கள். அமெரிக்கப் பள்ளிகளில் 5 கிலோமீட்டர் ஓடிய பையன் டிவிஷன் மூன்று கல்லூரிக்கு வந்ததும் 8 கிலோமீட்டரும், பெண் 6 கிலோமீட்டரும் ஓட வேண்டும். உடம்பு அதற்குப் பழக ஓரிரு ஆண்டுகள் பிடிக்கும். ஆகவே நான்கு ஆண்டு முடிவுகளை எடுத்து, முதலாண்டில் இருந்த பெயர்களில் எத்தனை கடைசி ஆண்டிலும் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். நேரத்தை ஒப்பிடுவதானால் ஒரே தடத்தில் ஓடிய நேரங்களையோ டிராக் நேரங்களையோதான் ஒப்பிட வேண்டும். மேடும் சேறும் உள்ள தடத்தின் நேரத்தைச் சமதளத்தின் நேரத்தோடு வைத்துப் பார்ப்பதில் பொருளில்லை. பாதிப் பேர் இரண்டாம் ஆண்டிலேயே காணாமல் போகிற அணி எத்தனை கோப்பை வைத்திருந்தாலும் எனக்குச் சந்தேகம்தான்.

நட்சத்திர ஓட்டக்காரரோடு சேர்ந்து ஓடினால் வேகம் கூடாதா என்பார்கள். கூடும், அவரை ஒட்டி ஓட முடிந்தால். அவர் 8 கிலோமீட்டரில் உங்களைவிட இரண்டு நிமிடம் முன்னால் என்றால், கடினமான பயிற்சி நாட்களில் நீங்கள் தனியாகத்தான் ஓடுவீர்கள். உங்கள் வேகத்துக்கு அரை நிமிடம் முன்பின்னாக நாலைந்து பேர் இருக்கும் அணியே பயன் தரும்.

பணம் பற்றிய ஆட்சேபம் இன்னும் வலுவானது. டிவிஷன் மூன்றில் விளையாட்டு உதவித்தொகை கிடையாது. டிவிஷன் இரண்டிலும், என்ஏஐஏ என்ற வேறொரு சங்கத்தின் கல்லூரிகளிலும் உண்டு. ஆனால் அங்கே ஓட்டக்காரர்களுக்கு ஒதுக்கிய தொகையைப் பலருக்குப் பிரித்துக் கொடுப்பதே வழக்கம், முழு உதவி அபூர்வம். டிவிஷன் மூன்று கல்லூரிகள் மதிப்பெண்ணுக்கும் குடும்ப வருமானத்துக்கும் ஏற்பக் கட்டணத்தைக் குறைக்கின்றன. காயம்பட்டு ஓட்டத்தை விட்டாலும் அந்த உதவிக்கு ஆபத்தில்லை. எனவே உதவித்தொகையின் பெயரை விட்டுவிட்டு, எல்லாம் கழித்துக் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகையை மட்டும் ஒப்பிடுங்கள். அந்த வித்தியாசம் பெரிதென்றால், நான் மேலே சொன்ன எல்லாவற்றையும் அது தள்ளிவிடும். கடன் வாங்கிக்கொண்டு ஐந்தாவது ஆளை ஆராய்வது அசட்டுத்தனம்.

உதவித்தொகை இல்லாவிட்டால் தரமும் இராது என்ற எண்ணத்துக்கு இல்லினாயின் நார்த் சென்ட்ரல் கல்லூரியே பதில். 1966 முதல் பல பத்தாண்டுகள் அங்கே பயிற்சியளித்த அல் கேரியஸ், பட்டங்களைவிட ஓட்டத்தின் இன்பத்தையும் அவரவர் சொந்தச் சாதனையையும் முன்னிறுத்தியவர். அந்த ஆண்கள் அணி வென்ற டிவிஷன் மூன்று தேசியப் பட்டங்கள் 19.

இடமும் ஓரளவு கணக்கில் வரும். ஆடம்ஸ் ஸ்டேட் இருக்கும் அலமோசா ஏறக்குறைய 2,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. எல்லா உடம்புக்கும் அது ஒத்துக்கொள்ளாது. எந்தக் கல்லூரியையும் நேரில் பார்க்கப் போகும்போது பயிற்சியாளரிடம் பேசிவிட்டு, நான்காம் ஆண்டு மாணவர் ஒருவரைத் தனியே பிடித்து, காலெலும்பில் விரிசல் கண்டவர்களை எத்தனை வாரம் ஓய்வெடுக்க விட்டார்கள், எடையைக் குறைக்கச் சொல்லி யாரையாவது நெருக்கினார்களா என்று கேளுங்கள். பெண்கள் அணியில் சேர்பவர்கள் இதைக் கேட்காமல் திரும்பவே கூடாது.