ஆங்கிலம் அறிவோம்: கணக்கில் எடுத்தல் வேறு, கொடுத்தல் வேறு

அரச கந்தோர்களிலும் வங்கிகளிலும் இருந்து ஆங்கிலத்தில் வரும் கடிதங்களில் அடிக்கடி காணப்படும் ஒரு தொடர் ‘ரேக் இன்ரு எக்கவுண்ட்’ என்பதாகும். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘கணக்கில் எடுத்தல்’ என வரும். பணக் கணக்குக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஒரு முடிவைச் செய்யுமுன் குறித்த ஒரு விடயத்தையும் எண்ணிப் பார்த்தல் என்பதே இதன் பொருள். ‘ரேக் இன்ரு கன்சிடறேஷன்’ என்பதும் ஏறக்குறைய இதே பொருளைத் தரும்.

இதனை விளங்கிக்கொள்ளக் கிளிநொச்சி வாசகர்களுக்கு இரணைமடுக் குளமே போதும். கனகராயன் ஆற்றை மறித்து 1902ஆம் ஆண்டில் வேலை தொடங்கப்பெற்ற இக்குளத்தின் கீழ் ஏறத்தாழ 21,000 ஏக்கர் வயல் உண்டு. காலபோகத்துக்கு மாரி மழை கைகொடுக்கும். சிறுபோகமோ குளத்து நீரையே நம்பியிருக்கிறது. ஆகவே விதைப்புக்கு முன் விவசாயிகளும் அதிகாரிகளும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் ஒன்றுகூடி, எத்தனை ஏக்கர் விதைப்பது என்று தீர்மானிக்கின்றனர். குளத்தில் எத்தனை அடி நீர் நிற்கிறது, வெயிலில் எவ்வளவு வற்றும், வாய்க்காலின் கடைசியில் உள்ள வயலுக்கும் தண்ணீர் போய்ச் சேருமா என்பவற்றை எல்லாம் எண்ணிப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். இவ்வாறு எண்ணிப் பார்ப்பதே ‘ரேக் இன்ரு எக்கவுண்ட்’.

ஒவ்வொருவருக்கும் தம் வயல் முழுவதையும் விதைக்க விருப்பம் உண்டு. அந்த விருப்பமும் கூட்டத்தில் கேட்கப்படும். ஆனால் நீர் குறைந்த ஆண்டில் கேட்ட ஏக்கர் முழுவதும் எவருக்கும் கிடையாது. கணக்கில் எடுக்கப்பட்டது என்பதற்காகக் கேட்டது கிடைத்துவிட்டது என்று பொருளாகாது.

இந்த வேறுபாட்டை அறியாமல் ஏமாறுவோர் பலர். காணிக்கோ வீட்டுக்கோ கடனுக்கோ விண்ணப்பித்தவருக்கு, ‘யுவர் றிக்குவெஸ்ற் வில் பீ ரேக்கன் இன்ரு கன்சிடறேஷன்’ என்று பதில் வருகிறது. வீட்டில் ஆங்கிலம் படிக்கும் பிள்ளை வாசித்துச் சொல்ல, காரியம் முடிந்தது என்று எண்ணிப் பெற்றோர் இருந்துவிடுகின்றனர். ‘உங்கள் வேண்டுகோளை எண்ணிப் பார்ப்போம்’ என்பதற்கு மேல் அக்கடிதம் எதையும் சொல்லவில்லை. கடிதத்தைப் பத்திரப்படுத்தி, முடிவு என்னவென்று எழுத்தில் கேளுங்கள். அரச கந்தோருக்குத் தமிழில் எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் 1988ஆம் ஆண்டின் 16ஆவது அரசியலமைப்புத் திருத்தம் உரிமை தந்துள்ளது.

மாணவர்கள் இன்னும் சிலவற்றைக் கவனிக்கவும். ‘ஒன் எக்கவுண்ட் ஒவ்’ என்றால் ‘காரணமாக’ என்று பொருள். ‘கன்சிடறேற்’ என்பது பிறர் நிலையை எண்ணி நடப்பவரைக் குறிக்கும். ‘கன்சிடறபிள்’ என்பதோ ‘கணிசமான’ எனப் பொருள்படும்.

பயிற்சி: கீழ்வருவனவற்றை ஆங்கிலத்தில் எழுதுக.

1. குளத்தின் நீர்மட்டத்தைக் கணக்கில் எடுத்தோம்.
2. மழை காரணமாகக் கூட்டம் நடைபெறவில்லை.
3. என் வயதைக் கணக்கில் எடுத்தார்கள். ஆனால் வேலை தரவில்லை.

மூன்றாவது வாக்கியத்தைப் பிழையின்றி எழுதும் பிள்ளை, வீட்டுக்கு வரும் கடிதத்தையும் பிழையின்றி வாசித்துச் சொல்லும்.