உலர்த்தத் தெரிந்த மெஷினை வாங்கு

அன்புள்ள தங்கச்சிக்கு,

தோட்டங்களிலிருந்து வரும் பழைய இசைத்தட்டுகளைக் கழுவிக் கணினிக்கு மாற்றும் வேலையை அம்பாங் பெச்சாவில் உன் வீட்டிலேயே தொடங்கப்போவதாக எழுதியிருந்தாய். எந்த மெஷின் வாங்கலாம் என்று நீ கேட்டதையே வட சிலாங்கூரில் இன்னும் சில இளையோரும் கேட்கிறார்கள். அதனால் உனக்கு எழுதுவதை அவர்களும் படிக்கட்டும்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தட்டில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சி எடுக்கும் மெஷினை வாங்கு. எப்படிக் கழுவுகிறது என்று பார்ப்பதற்கு முன்னால் எப்படி உலர்த்துகிறது என்று பார்.

வெளிநாட்டார் எழுதும் ஆலோசனைகள் தூசியையும் நிலைமின்சாரத்தையும் பற்றியே அதிகம் பேசும். குளிர்காலத்தில் கதவடைத்துச் சூடேற்றிய அறையில் காற்று காய்ந்து கிடக்கும். உறையிலிருந்து உருவும்போதே தட்டு மின்னேறித் தூசியை இழுக்கும். அவர்களுக்கு அதுதான் தலைவலி. நம் ஈரக் காற்றில் அந்த மின்னேற்றம் பெரும்பாலும் தானே வடிந்துவிடுகிறது. நமக்கு எதிரி பூஞ்சணம். அதிலும் உன் ஊர் புக்கிட் பிரேசருக்கு ஏறும் சாலையின் அடிவாரம். தண்ணீரால் அந்த மண் பட்டது கொஞ்சமில்லை. 1883-இல் அணை உடைந்து கோலா குபுவை வெள்ளம் அடித்தது. பிறகு ஆறு கொண்டுவந்த மண் மேடிட்டு மேடிட்டு, 1930-ஐ ஒட்டி நகரையே இடம் மாற்றிக் கோலா குபு பாருவைக் கட்ட வேண்டியதாயிற்று. அந்த மலையடிவார ஈரத்தில் அலமாரியில் வைத்த தோல் செருப்பே வெள்ளை பூக்கும். சரியாகக் காயாத தட்டை உறைக்குள் போட்டால் என்ன ஆகும் என்று நீயே யோசித்துப் பார்.

பூஞ்சணம் வினைலைத் தின்று வளர்வதில்லை. தாள் உறை, விரலில் இருந்து ஒட்டிய எண்ணெய், பள்ளத்தில் படிந்த அழுக்கு இவைதான் அதற்குத் தீனி. ஆனால் நெடுநாள் அப்படியே விட்டால் அதன் இழைகள் தட்டின் மேற்பரப்பையே அரித்துவிடக்கூடும். அரித்த இடத்தில் வரும் சடசடப்பு எந்தக் கழுவலுக்கும் போகாது. ஆகவே நீ செய்யப்போகும் வேலையில் பாதி அழுக்கை எடுப்பது. மறுபாதி, அது திரும்ப வராதபடி செய்வது. மெஷின் விற்பவர்கள் முதல் பாதியைப் பற்றி மட்டும்தான் பேசுவார்கள்.

உன் கைக்கு வரும் தட்டுகள் எப்படிப்பட்டவை என்று நினைத்துப் பார். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தோட்டங்கள் கைமாறி, தொழிலாளர் குடியிருந்த லயங்கள் காலியானபோது மக்கள் ரவாங், பத்தாங் காலி, பெஸ்தாரி ஜெயா என்று பிரிந்து போனார்கள். டிரங்குப் பெட்டியிலும் மாரியம்மன் கோயில் சாமான் அறையிலும் கிடந்தவற்றில் தூக்கிப்போட மனம் வராமல் யாரோ எடுத்துவந்தவைதான் இவை. கரப்பான் எச்சமும் கரையான் மண்ணும் சாம்பிராணிப் புகையும் ஏறியிருக்கும். அளவும் ஒன்றாக இருக்காது. பத்து அங்குல 78, ஏழு அங்குல 45, பன்னிரண்டு அங்குல எல்பி என்று மூன்றும் கலந்து வரும். மெஷினைத் தேர்ந்தெடுப்பதில் இது பெரிய விஷயம், இதைப் பிறகு சொல்கிறேன்.

அதற்கு முன், அரக்கால் செய்த 78 தட்டுகளைப் பற்றி. 78 எல்லாம் பாகவதர், கிட்டப்பா காலத்துச் சரக்கு என்று நினைத்துவிடாதே. மேலை நாடுகளில் 1950களின் இறுதியோடு 78 ஏறக்குறைய நின்றுபோனது. இந்தியாவிலோ கல்கத்தாவை அடுத்த தம்தம் ஆலையிலிருந்து 1960களிலும் வந்துகொண்டிருந்தது. பீட்டில்ஸ் பாடல்கள்கூட அங்கே 78 ஆக வெளிவந்தன. ஆகவே ‘பாசமலர்’ வந்த 1961-ஐச் சேர்ந்த பாட்டு என்பதால் அது வினைலாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டாதே. தூக்கிப் பார். அரக்குத் தட்டு கனமாக, வளையாமல் இருக்கும். கீழே விழுந்தால் உடைந்துவிடும். அரக்கு ஒரு பூச்சி சுரக்கும் பிசின். சாராயம் பட்டால் கரைந்துவிடும். கடையில் விற்கும் தட்டு கழுவும் திரவங்கள் பலவற்றில் ஆல்கஹால் உண்டு. வினைலுக்கு அது பொறுக்கும், அரக்குக்குப் பொறுக்காது. போத்தலில் எழுதியிருப்பதைப் படிக்காமல் ஒரு சொட்டும் விடாதே. அரக்குத் தட்டை ஊறவும் வைக்காதே. ஓரத்தில் விரிசல் இருந்தால் உள்ளே இருக்கும் கலவை தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். தட்டைத் தண்ணீருக்குள் நிறுத்தி வைக்கும் எந்த மெஷினும் அரக்குக்கு உதவாது.

இப்போது மெஷின்கள்.

இங்கிலாந்தின் கீத் மங்க்ஸ் 1960களின் கடைசியில் செய்த மெஷினை பிபிசி வாங்கியது. பல ஆவணக் காப்பகங்கள் இன்றும் அந்த வழியை நம்புகின்றன. சுழலும் தட்டின் மேல் திரவத்தைத் தூரிகையால் பரப்பி, மெல்லிய குழாய் ஒன்று வரிவரியாக நகர்ந்து உறிஞ்சிக்கொண்டே வரும். குழாயின் வாய் தட்டில் உரசாமல் இருக்க நடுவில் ஒரு நூல் ஓடும். பழைய நூல் அழுக்காக ஆகப் புதிய நூல் வந்துகொண்டே இருக்கும். தட்டு எந்த அளவாக இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. நான் கண்ட வழிகளில் இதைவிட நேர்த்தியானது இல்லை. விலைதான் நம் கைக்கு எட்டாது.

அதே எண்ணத்தைக் குறைந்த விலையில் செய்பவை விபிஐ, ஓக்கி நோக்கி, புரோஜெக்ட் போன்றவை. இவற்றில் ஒரு குழாய்க்கை, தட்டின் ஓரத்திலிருந்து நடுத்தாள் வரை ஒரே நேரத்தில் படிந்து உறிஞ்சும். இரண்டு மூன்று சுற்றில் தட்டு காய்ந்துவிடும். உனக்கு நான் சொல்வது இந்த வகைதான். ஆனால் அந்தக் கை பன்னிரண்டு அங்குலத் தட்டை மனத்தில் வைத்துச் செய்தது. பத்து அங்குலத் தட்டில் வைத்தால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி சும்மா காற்றை இழுக்கும்; தட்டின் மேலுள்ள ஈரத்தை இழுக்க வேகம் மிஞ்சாது. ஏழு அங்குலத்தில் இன்னும் மோசம். நம் தமிழ்ப் படப் பாடல்களோ பெரும்பாலும் இந்த இரண்டு அளவில்தான் கிடைக்கின்றன. ஆகவே ஏழு அங்குலத்துக்கும் பத்து அங்குலத்துக்கும் தனித்தனிக் கை கிடைக்கிறதா, அவற்றையும் சேர்த்து என்ன விலை என்று கேட்ட பிறகே பணம் கொடு. கிடைக்காது என்றால், எவ்வளவு பெயர்பெற்ற மெஷினாக இருந்தாலும் விட்டுவிடு.

அல்ட்ராசோனிக் மெஷின்களைப் பற்றியும் கேட்டிருந்தாய். தண்ணீருக்குள் ஒலி அலையைச் செலுத்தினால் நுண்ணிய குமிழிகள் தோன்றி உடையும்; அந்த உடைப்பில் அழுக்கு பெயர்ந்து வரும். ஹாங்காங்கின் ஹம்மிங்குரு 40 கிலோஹெர்ட்ஸில் வேலை செய்கிறது. எஸ்தோனியாவின் டிகிரிட்டர் 120-இல். அதிர்வெண் கூடக் கூடக் குமிழி சிறுக்கும், சிறிய இடுக்குக்குள்ளும் புகும். எல்பியின் பள்ளம் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு அகலம்தான் என்பதால் இது அசட்டை செய்யும் விஷயமல்ல. கழுவுவதில் இவை கெட்டிக்கார மெஷின்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

என் தயக்கம் உலர்த்தும் இடத்தில்தான். இவை விசிறியால் உலர்த்துகின்றன. விசிறி அனுப்புவது உன் அறையில் இருக்கும் அதே காற்று. அடைமழை நாளில் அந்தக் காற்றே நனைந்திருக்கும். அதோடு, ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான். அதில் கரைந்திருந்ததெல்லாம் பள்ளத்திலேயே தங்கிவிடும். உறிஞ்சி எடுக்கும்போது தண்ணீரும் அழுக்கும் சேர்ந்தே வெளியேறும். இன்னொன்று: ஒரே தொட்டித் தண்ணீரில் தட்டு மாற்றித் தட்டு கழுவினால் முதல் தட்டின் பூஞ்சண வித்து பத்தாவது தட்டுக்கும் போகும். குளிர்சாதன அறையும், அடிக்கடி தண்ணீர் மாற்றும் பொறுமையும், எல்பி மட்டுமே உள்ள சேகரிப்பும் இருந்தால் இதை வாங்கலாம். உன் நிலைமை அப்படி இல்லை.

கையில் காசு குறைவென்றால், 1975 முதல் விற்கும் ஸ்பின்கிளீன் போன்ற கைத்தொட்டி போதும். இரு பட்டைகளுக்கு நடுவே தட்டை நிறுத்திக் கையால் சுற்ற வேண்டும். உருளைகளை நகர்த்தினால் மூன்று அளவுக்கும் பொருந்தும். வினைலுக்கு மட்டும் வைத்துக்கொள். நடுத்தாள் நனையாமல் பார். துடைக்கத் துணியைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது; அதனால் தட்டைத் தாங்கியில் நிறுத்தி, மின்விசிறிக் காற்றில் நெடுநேரம் விட்ட பிறகே உறையில் போடு. வீட்டு வேக்குவம் கிளீனரோடு பொருத்தும் சிறு கருவிகளும் விற்கிறார்கள். ஈரம் உறிஞ்சுவதற்கென்றே செய்த வேக்குவமாக இருந்தால் சரி. தூசிக்கு மட்டும் செய்ததில் தண்ணீர் ஏறினால் மோட்டார் கெடும், மின்சாரமும் தாக்கலாம்.

மெஷின் வந்த பிறகு செய்ய வேண்டியது.

பூஞ்சணம் பிடித்த தட்டுகளைத் தனியாக வை. அவற்றை வீட்டுக்குள் உலர்ந்தபடியே தேய்க்காதே. வித்து பறந்து நெஞ்சுக்குள் போகும். முகக்கவசம் போட்டுக்கொண்டு, வெளித் தாழ்வாரத்தில் ஈரத்தோடு முதல் கழுவலை முடித்துவிட்டுப் பிறகு மெஷினுக்குக் கொண்டுபோ. குழாய்க்கையின் வாயில் வெல்வெட் பட்டை ஒட்டியிருக்கும். ஒரு தட்டின் அழுக்கை அடுத்த தட்டுக்கு எடுத்துப்போவது அதுதான். கூடுதல் பட்டைகள் வாங்கி, பூஞ்சணத் தட்டுகளுக்கென்று ஒன்றை ஒதுக்கு. தூரிகைக்கும் அப்படியே. அழுக்குத் தண்ணீர் சேரும் தொட்டியை அன்றன்றே காலி செய். நம் வெயிலுக்கு அது மறுநாளே நாறும்.

தண்ணீர் காய்ச்சி வடித்ததாக இருக்கட்டும். மருந்துக்கடையில் கிடைக்கும். குழாய்த் தண்ணீரில் உள்ள உப்பு, காய்ந்ததும் பள்ளத்தில் படியும். பாத்திரம் கழுவும் சோப்பு வேண்டாம்; வாசனையும் சாயமும் பின்தங்கும். காப்பகத்தார் டெர்ஜிட்டால் என்ற திரவத்தை நூறு பங்கு தண்ணீருக்கு ஒரு பங்குக்கும் குறைவாகச் சேர்க்கிறார்கள். எதைச் சேர்த்தாலும் வெறும் வடிநீரால் ஒருமுறை அலசி, மறுபடி உறிஞ்சி எடு.

கழுவிய தட்டைப் பழைய தாள் உறைக்குள் திரும்பப் போட்டால் செய்த வேலையெல்லாம் வீண். புது உறை வாங்கு. தாளைவிடப் பாலிஎத்திலீன் நல்லது. படம் போட்ட அட்டையை எறிந்துவிடாதே, உலர்த்தித் தனியே வை. தட்டை வெயிலில் காயவைக்காதே, வினைல் வளைந்துவிடும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். திருவிழாவுக்குத் திருவிழா ஒலிபெருக்கியில், கனத்த ஊசியின் கீழ் தேய்ந்த தட்டுகள் இவை. தேய்ந்த பள்ளத்தை எந்த மெஷினும் திருப்பித் தராது. சில தட்டுகள் கழுவிய பிறகும் இரைந்துகொண்டுதான் இருக்கும். அதைக் கொண்டுவந்த குடும்பத்திடம் முன்கூட்டியே சொல்லிவிடு. 78-ஐ எல்பி ஊசியால் ஓட்டிப் பார்த்துவிட்டுத் தட்டு போய்விட்டது என்று முடிவு செய்யாதே. அதன் பள்ளம் எல்பியைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அகலம். தனி ஊசி வேண்டும்.

தண்ணீர் படும் முன்னால் நடுத்தாளைப் படம் எடுத்துவிடு. மை எழுத்தில் யாருடைய பெயராவது, தோட்டத்தின் பெயராவது இருக்கும். ஈரம் பட்டால் கரைந்துவிடும். நடுத்தாளை அடுத்துத் தட்டிலேயே பொறித்திருக்கும் எண்ணையும் குறித்துக்கொள். மும்பையில் 1990-இல் தொடங்கிய இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கத்தின் சுரேஷ் சாந்த்வன்கர், பிரிட்டிஷ் நூலகத்தின் ஆதரவோடு யங் இந்தியா, ஓடியன் நிறுவனங்களின் தட்டுகளை மின்னிலக்கமாக்கினார். ஒலியோடு தட்டின் விவரங்களும் சேர்ந்திருப்பதால்தான் ஆய்வாளர்கள் அவற்றைப் பயன்படுத்த முடிகிறது. நீயும் ஒரு நோட்டுப் புத்தகம் போடு: எந்தத் தோட்டம், எந்த வீடு அல்லது கோயில், யார் கொடுத்தார், எப்போது கழுவினாய். களும்பாங்கில் ஒரு பெட்டி, கோலா சிலாங்கூரில் ஒரு பெட்டி என்று சிதறிக் கிடப்பவற்றில் எந்தத் தோட்டத்தில் எந்தப் பாட்டு ஒலித்தது என்பது அந்த நோட்டிலிருந்துதான் பின்னால் தெரியவரும்.

விற்பவரிடம் இன்னும் இரண்டு கேள்வி. மெஷின் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸுக்குச் செய்ததா? அமெரிக்காவுக்குச் செய்ததை மின்மாற்றி வைத்து ஓட்டினாலும், அதிர்வெண் மாறாததால் சில மோட்டார்கள் வேறு வேகத்தில் சுழலும். அடுத்து, வெல்வெட் பட்டையும் உறிஞ்சு மோட்டாரும் தேய்ந்தால் இங்கேயே கிடைக்குமா? உறிஞ்சும்போது சத்தம் பலமாக இருக்கும். வரிசை வீடு என்றால் பகலில் ஓட்டு, காதையும் மூடிக்கொள். சில தட்டுக்கு ஒருமுறை மோட்டாரை ஆறவிடு. முதல் வாரம் யாருக்கும் வேண்டாத கீறல் தட்டுகளில் மட்டும் கை பழகு. விற்பவர் சொன்ன பதில்களை எனக்கு எழுது. பணம் கட்டும் முன் சேர்ந்து பார்த்துவிடலாம்.

அன்புடன்,
உன் அண்ணன்