ஒருமுறை சொன்னால் போதும்

ஐந்து வயதுக் குழந்தை ஒன்றுக்கு யாரோ தீங்கு இழைத்திருக்கலாம் என்று ஐயம் எழுகிறது. அடுத்து என்ன நடக்கும்? முன்னாளில் அமெரிக்க நாட்டில் நடந்ததை முதலில் காண்போம். காவலர் வந்து கேட்பார், மருத்துவர் கேட்பார், சமூகநலப் பணியாளர் கேட்பார், பின்னர் அரசு வழக்கறிஞரும் கேட்பார். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லிக் குழந்தை சோர்ந்துவிடும். "மறுபடியும் கேட்கிறார்களே, நான் சொன்னது தப்போ?" என்று அஞ்சிப் பேச்சை மாற்றிவிடுவதும் உண்டு. மாற்றினால் வழக்கு நிற்பது அரிது.

அலபாமா மாநிலத்து ஹண்ட்ஸ்வில் நகரில் அரசு வழக்கறிஞராயிருந்த பட் கிரேமர் இந்நிலையை மாற்ற முனைந்தார். அவர் முயற்சியால் 1985-ஆம் ஆண்டு குழந்தைகளுக்காகப் பரிந்து பேசும் நிலையம் ஒன்று அங்கே தோன்றியது. குழந்தை அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டியதில்லை. அலுவலர்களே அங்கு வந்து கூடுவார்கள்.

பயிற்சி பெற்ற ஒருவர் மட்டுமே குழந்தையோடு அமர்ந்து பேசுவார். மற்றவர்கள் வேறோர் அறையிலிருந்து கவனிப்பார்கள். கேட்கும் முறையில்தான் திறமை இருக்கிறது. "மாமா உன்னை அடித்தாரா?" என்று கேட்கலாகாது. பெரியவர் மனத்திலுள்ளதை ஊகித்துச் சிறு குழந்தை தலையாட்டிவிடக்கூடும். "என்ன நடந்தது, சொல்லம்மா... அப்புறம்?" என்றே கேட்பார்கள். "தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லலாம்" எனத் தொடக்கத்திலேயே சொல்லிவைப்பதும் உண்டு. நம் வீடுகளில் குழந்தைகளிடம் இப்படிச் சொல்கிறோமா, என்ன!

பேச்சு முடிந்தபின் எல்லாத் துறையினரும் கூடி அடுத்த நடவடிக்கையை முடிவு செய்வார்கள். மருத்துவப் பரிசோதனையில் காயம் தென்படாமல் போவது மிகச் சாதாரணம். அதனால் ஒன்றும் நடக்கவில்லை என்று எவரும் தீர்மானிப்பதில்லை. குழந்தைக்கு மனநலச் சிகிச்சை உண்டு. கலங்கி நிற்கும் தாய்க்கும் வழக்கின் போக்கை விளக்கிச் சொல்ல ஒருவர் துணையிருப்பார். இம்முறையைப் பார்த்து ஐஸ்லாந்து நாடு 1998-இல் 'குழந்தைகள் இல்லம்' ஒன்றைத் திறந்தது.

நம் நாட்டில் 2012-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட போக்சோ சட்டம், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காப்பது. வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ பதிய வேண்டும். பதியும் காவல் அதிகாரி சீருடையில் இருக்கக்கூடாது. இயன்றவரை அவர் பெண்ணாயிருக்க வேண்டும். குழந்தையை இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கவும் கூடாது. ஐயத்தை நாமே துருவி விசாரித்து மெய்ப்பித்த பிறகுதான் சொல்ல வேண்டும் என்பதில்லை. 1098 என்ற எண்ணில் தெரிவித்தால் போதும். அதற்குக் கட்டணமில்லை, இரவு பகல் என்ற வேறுபாடும் இல்லை.